எனக்குப் பிடித்த எழுத்தாளர்களும் செய்தியில் வராத நாட்களும்

"உங்களுக்குப் பிடித்த எழுத்தாளர் யார்?" என்ற கேள்வி ஈழத்துத் தமிழரிடையே நெடுங்காலமாக ஒரு மாறுவேடக் கேள்வியாகவே இருந்து வந்திருக்கிறது. கேட்பவர் உண்மையில் அறிய விரும்புவது நீங்கள் எந்த அணியைச் சேர்ந்தவர் என்பதையே. கே. டானியல் என்றோ டொமினிக் ஜீவா என்றோ சொன்னால் நீங்கள் முற்போக்கு. எஸ்.பொ என்றால் நற்போக்கு. மு. தளையசிங்கம் என்றால் இரு தரப்பையும் விட்டு விலகி நிற்பவர். 1960களில் மூண்ட இந்த அணிச் சண்டையின் முக்கியஸ்தர்களில் அநேகர் இன்று உயிரோடு இல்லை. எஸ்.பொ 2014இலும் ஜீவா 2021இலும் மறைந்துவிட்டனர். ஆயினும் கேள்வி மட்டும் அதே தொனியில் இன்றும் கேட்கப்படுகிறது.

இந்தக் கேள்விக்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் மிகவும் எளிமையானது. எந்தக் கட்டாயமும் இல்லாத ஒரு மாலைப் பொழுதில், புத்தக அலுமாரிக்கு முன்னால் நிற்கும்போது கை தானாக யாருடைய நூலைத் தேடிப் போகிறதோ அவரே பிடித்த எழுத்தாளர். அவரது கொள்கையோடு எனக்கு உடன்பாடு உண்டா, அவருக்கு விருது கிடைத்ததா, பல்கலைக்கழகத்தில் அவர் பாடநூலா என்பவையெல்லாம் பிறகு வரும் விடயங்கள்.

பத்திரிகையாளனுக்கு இப்படியான மாலைகள் இலகுவில் வாய்ப்பதில்லை. முப்பது ஆண்டுகளாக நான் வாசித்தவற்றில் பெரும்பகுதி தொழிலுக்காக வாசித்தவை. மதிப்புரைக்கு வந்த நூல், வெளியீட்டு விழாவுக்கு முதல் நாள் புரட்டிய நூல், எழுத்தாளர் காலமான செய்தி வந்தவுடன் அஞ்சலிக் கட்டுரைக்காக அவசரமாகத் தேடிய நூல் என்று அந்தப் பட்டியல் நீளும். அத்தகைய வாசிப்பில் பென்சிலும் கடிகாரமும் கூடவே இருக்கும். அவை இரண்டையும் ஒதுக்கிவைத்துவிட்டு வாசிக்கத் தொடங்கியது அண்மைக் காலத்தில்தான்.

கடந்த சில மாதங்களில் இவ்வாறு நான் எடுத்து வாசித்தவை: அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி', எஸ்.பொவின் 'சடங்கு', டானியலின் 'பஞ்சமர்', என். எஸ். எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து', வ. அ. இராசரத்தினத்தின் 'தோணி', அ. முத்துலிங்கத்தின் கதைகள், 'சொல்லாத சேதிகள்' என்ற கவிதைத் தொகுப்பு. இடையில் அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு'. எந்தத் திட்டமும் இட்டுக்கொண்டு இவற்றைத் தெரிவு செய்யவில்லை. ஆனால் வாசித்து முடித்த பின் யோசித்தபோது, இவை அனைத்துக்கும் பொதுவான ஒன்று புலப்பட்டது. என் தொழில் பதிந்து வைக்காத நாட்களை இவை பதிந்து வைத்திருக்கின்றன.

செய்தி என்பது நிகழ்வைப் பற்றியது. ஒரு கிராமத்தின் பெயர் பத்திரிகையில் வரவேண்டுமானால் அங்கே வெள்ளம் வரவேண்டும், வெட்டுக்குத்து நடக்க வேண்டும், குண்டு விழ வேண்டும், அல்லது அமைச்சர் ஒருவர் போக வேண்டும். இதை ஒரு குறையாக நான் சொல்லவில்லை. தொழிலின் இயல்பு அது. ஆனால் பழைய பத்திரிகைக் கோப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு நம்மைப் பற்றி அறிய முற்படும் ஒருவர், இந்த மக்கள் இடம்பெயர்ந்தார்கள், இறந்தார்கள், இடையிடையே அறிக்கை விட்டார்கள் என்றே முடிவு செய்வார். எஞ்சிய நாட்களில் அவர்கள் எப்படி உழுதார்கள், எப்படிச் சண்டை பிடித்தார்கள், எதற்குச் சிரித்தார்கள் என்பதற்கு அங்கே ஆதாரம் இல்லை.

'நிலக்கிளி'யை முதலில் எடுத்துக்கொள்கிறேன். தென்னிந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்த 1970களில் வீரகேசரி நிறுவனம் ஈழத்து நாவல்களை வரிசையாக வெளியிட்டது. அந்த வரிசையில் 1973இல் வந்தது இந்நாவல். கதை நடக்கும் இடம் முல்லைத்தீவு மாவட்டத்தின் தண்ணிமுறிப்பு. காடு, குளம், வேட்டை, வயல், கதிராமன் என்ற இளைஞன், பதஞ்சலி என்ற பெண், ஊருக்கு வந்து சேரும் வாத்தியார். கதையென்று பார்த்தால் இவ்வளவுதான்.

தண்ணிமுறிப்பு என்ற பெயர் செய்தியாளருக்கு வேறு வகையில் அறிமுகமானது. 1980களில் அப்பகுதித் தமிழ் மக்கள் இடம்பெயர்ந்த செய்திகளில் அது வந்தது. அண்மைய ஆண்டுகளில் குருந்தூர்மலை தொடர்பான பிணக்கிலும் நீதிமன்றச் செய்திகளிலும் வந்தது. இச்செய்திகளை எழுதுபவருக்கும் வாசிப்பவருக்கும் அது ஒரு பிணக்குக்குரிய நிலம். பாலமனோகரனை வாசித்தவருக்கோ அங்கே பதஞ்சலி இருக்கிறாள். நிலத்துப் பொந்தில் கூடு கட்டி, அதிக உயரம் பறக்காமல் வாழும் நிலக்கிளிக்கு அவளை ஒப்பிட்டது வெறும் உவமையாக எனக்குப் படவில்லை. அந்த மண்ணை விட்டு எங்கும் போக விரும்பாத ஒரு வாழ்க்கையின் மொத்த இயல்பையும் ஆசிரியர் அதில் வைத்திருக்கிறார். ஒரு நிலம் யாருக்குரியது என்ற வாதத்தில் ஆவணங்களும் அகழ்வாய்வுகளும் பேசட்டும். அங்கே மனிதர் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதற்கு இந்த நாவல் பேசும்.

'சடங்கு' முற்றிலும் வேறு உலகம். 1966இல் எழுதப்பட்டது. கொழும்பில் வேலை செய்யும் அரசாங்க எழுதுவினைஞன் ஒருவன் சில நாள் விடுமுறையில் யாழ்ப்பாணத்திலுள்ள மனைவியிடம் வருகிறான். வீடு, மாமியார், பிள்ளைகள், உறவுகள், கடமைகள் எல்லாம் குறுக்கே நிற்கின்றன. கணவனும் மனைவியும் தனித்திருக்க நேரம் வாய்க்கவில்லை. விடுமுறை முடிந்துவிடுகிறது. இந்நாவலை ஆபாசம் என்று ஒதுக்கியவர்கள் உண்டு. இன்று வாசிக்கும்போது எனக்குத் தெரிவது ஒரு சமூகத்தின் பெரும் சோகம்.

அந்த ஆண்டுகளின் பத்திரிகைகளில் 1956 மொழிச் சட்டம், 1957 பண்டா-செல்வா ஒப்பந்தம், 1965 டட்லி-செல்வா ஒப்பந்தம் எல்லாம் தலைப்புச் செய்திகள். அந்த அரசியலின் நடுவே கொழும்பு அறைகளில் தங்கி, மணியோடர் அனுப்பி, விடுமுறையை எண்ணி வாழ்ந்த எழுதுவினைஞர் ஒரு வர்க்கமாகவே இருந்தனர். யாழ்ப்பாணத்து வீடுகள் பல அவர்களுடைய சம்பளத்தில் எழுந்தவை. அவர்களுடைய இல்லறம் எப்படி இருந்தது என்று யார் எழுதினார்கள்? எஸ்.பொ எழுதினார். 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி, போரினால் 1990இல் யாழ்ப்பாணத்துக்கு வராமல் நின்று, 2014இல் மீண்டும் வந்து சேர்ந்தது. ஆனால் அந்தப் புகையிரதத்தை நம்பி நடந்த அந்த வாழ்க்கை திரும்பி வரவில்லை. அது 'சடங்கு' நாவலில் மட்டும் இருக்கிறது.

எஸ்.பொவிடம் எனக்குள்ள குறைகளையும் சொல்லிவிட வேண்டும். சொல் விளையாட்டில் அவருக்கு இருந்த மோகம் பல இடங்களில் கதையைத் தின்றுவிடுகிறது. தன்னைப் பற்றி எழுதும்போது எதிராளியைச் சிறுமைப்படுத்தாமல் அவரால் ஒரு பக்கத்தைக் கடக்க முடிவதில்லை. 'சடங்கு' இந்த இரண்டிலிருந்தும் பெருமளவு தப்பியிருக்கிறது. ஆதலால்தான் அவருடைய மற்ற நூல்களைவிட அதையே நான் மீண்டும் மீண்டும் எடுக்கிறேன்.

டானியலின் குறைகள் வேறு வகையானவை. 1972இல் வெளிவந்த 'பஞ்சமர்' நாவலில் மனிதர் பல இடங்களில் நல்லவர், கெட்டவர் என்று இரண்டாகப் பிரிந்துவிடுகின்றனர். பாத்திரங்கள் பேசுவதை விட்டுப் பிரசங்கம் செய்யத் தொடங்கிவிடுகின்றன. மொழி நடையும் கரடுமுரடானது. இவ்வளவையும் ஒப்புக்கொண்டுதான் அதை விரும்பி வாசிக்கிறேன்.

காரணம் இது. சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் 1957இல் வந்தது. 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிய ஊர்வலம் நடந்தது. 1968இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசப் போராட்டம். தேதிகளோடு இவற்றை நான் வரிசைப்படுத்திவிட முடியும். ஆனால் தேநீர்க் கடைக்கு வெளியே நின்று சிரட்டையிலோ போத்தலிலோ தேநீர் வாங்கிக் குடித்த மனிதனுக்கு அந்தக் கணத்தில் என்ன தோன்றியது என்பதை எந்தத் தேதியும் சொல்லாது. கிணற்றடியில் யாராவது வந்து வாளியால் ஊற்றும்வரை குடத்தோடு காத்திருந்த பெண்ணின் மனநிலையை எந்தச் சட்டத்தின் பிரிவும் சொல்லாது. டானியல் அந்த முற்றங்களிலிருந்தே எழுதுகிறார். அவரது கலையில் குறை காண்பவர்கள், அந்த முற்றங்களைப் பற்றி அவருக்கு முன் நம்மிடம் எத்தனை நாவல்கள் இருந்தன என்று தங்களையே கேட்டுப் பார்க்கட்டும். அவர் 1986இல் தஞ்சாவூரில் காலமாகி அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார்.

அணி பார்த்து வாசித்தவர்கள் 'சடங்கு' நாவலையும் 'பஞ்சமர்' நாவலையும் ஒரே அலுமாரியில் வைக்க மாட்டார்கள். ஓய்வாக வாசிப்பவனுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஒரே யாழ்ப்பாணத்தின் வீட்டுக்கு உள்ளே என்ன நடந்தது என்பதை ஒருவரும் வேலிக்கு வெளியே என்ன நடந்தது என்பதை மற்றவரும் எழுதியிருக்கிறார்கள். இரண்டையும் அடுத்தடுத்து வாசித்தால்தான் ஊர் முழுமையாகத் தெரிகிறது.

வடக்கைவிட்டு மலையகத்துக்கு வருகிறேன். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தைப் பற்றிய எந்தக் குறிப்பிலும் சில எண்கள் வரும். இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர், எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னர் தீர்மானிக்கப்படும். இலட்சக்கணக்கான மனிதர்களைப் பற்றி இரண்டு நாடுகள் கணக்குப் பேசின. நாங்களும் அந்தக் கணக்கையே அச்சிட்டோம்.

இராமையா இன்னொரு கணக்கைப் பேசினார். ஒரு பெண் ஒரு நாளில் எத்தனை இறாத்தல் கொழுந்து பறித்தாள் என்பதே அந்தக் கணக்கு. 'ஒரு கூடைக் கொழுந்து' கதையில் மற்றவர்களைவிட அதிகமாகப் பறித்துவிட்ட ஒரு பெண்ணின் நேர்மை சந்தேகத்துக்குள்ளாகிறது. அவள் தன்னை நிரூபிக்க வேண்டியிருக்கிறது. ஆர்ப்பாட்டம் இல்லை, கண்ணீர் இல்லை. ஆனால் தராசின் முன்னால் ஒரு தொழிலாளியின் மானம் எப்படி நிறுக்கப்படுகிறது என்பது அதில் இருக்கிறது. இக்கதையின் பெயரிலேயே அவரது தொகுதி 1980இல் வெளிவந்தது. அதற்கு நாற்பது ஆண்டுகள் கழித்து, 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டபோதும் தகராறு ஓயவில்லை. அந்தச் சம்பளத்துக்கு எத்தனை கிலோ பறிக்க வேண்டும் என்பதாக அது தொடர்ந்தது. செய்தி பழசாகிவிட்டது. கதை பழசாகவில்லை. 2022இல் மறைந்த தெளிவத்தை ஜோசப்பின் கதைகளையும் இதே காரணத்துக்காகத்தான் தேடி வாசிக்கிறேன்.

மூதூர் மண்ணைச் சேர்ந்த வ. அ. இராசரத்தினத்தை இன்றைய வாசகர் பலர் பெயரளவில் மட்டுமே அறிவர். அவரது 'தோணி' தொகுதி 1962இல் வெளிவந்தது. அதன் தலைப்புக் கதையில், சொந்தமாக ஒரு தோணி வேண்டும் என்று ஏங்கும் கடற்கரைச் சிறுவனின் ஆசையை அவர் எழுதியிருக்கும் விதம் இன்றும் புதிதாகவே இருக்கிறது. மூதூர் என்றவுடன் 2006இன் போர்ச் செய்திகளும் கொலைகளும் மட்டுமே நினைவுக்கு வரும் தலைமுறையினர் அந்தக் கதையை வாசிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

முத்துலிங்கம் இவர்கள் அனைவரிலிருந்தும் வேறுபட்டவர். கொக்குவிலில் பிறந்து, 1964இல் 'அக்கா' தொகுதியை வெளியிட்டு, பின் நெடுங்காலம் மௌனமாக இருந்தார். உத்தியோகத்தின் பொருட்டு ஆபிரிக்காவிலும் ஆசியாவிலும் பல நாடுகளில் வாழ்ந்துவிட்டு, 1995இல் 'திகடசக்கரம்' தொகுதியோடு திரும்பி வந்தார். இன்று கனடாவில் வாழ்கிறார். களைத்துப்போன இரவுகளில் நான் எடுப்பது அவருடைய புத்தகங்களையே. உலகின் எந்த மூலையிலும் ஒரு கொக்குவில் பையனின் கண்ணோடு அவர் பார்க்கிறார். சிரிக்க வைத்தபடியே ஓர் அகதியின் அவமானத்தைச் சொல்லிவிடுகிறார். சில கதைகள் மிகக் கச்சிதமாக, கடைசி வரியில் ஒரு தட்டுத் தட்டி முடிந்துவிடுவது மட்டும் எனக்குச் சற்று உறுத்தும். வாழ்க்கை அவ்வளவு நேர்த்தியாக மடிக்கப்படுவதில்லை. ஆனால் புலம்பெயர்ந்தோர் என்றால் நிதி சேர்ப்பு, ஆர்ப்பாட்டம், வெளிநாட்டுப் பணம் என்று மட்டுமே எழுதிப் பழகிய எங்களுக்கு, அந்தச் சொல்லுக்குள் தனித்தனி மனிதர் இருக்கின்றனர் என்று காட்டியவர் அவர்.

1986இல் யாழ்ப்பாணத்தில் வெளிவந்த 'சொல்லாத சேதிகள்' பெண் கவிஞர்கள் பதின்மரின் தொகுப்பு. ஒரு பத்திரிகையாளன் பொறாமைப்படக்கூடிய தலைப்பு. போர் தீவிரமடைந்துகொண்டிருந்த காலம் அது. எங்கள் சேதிகளில் பெண்கள் பெரும்பாலும் எண்ணிக்கையாகவும் உறவுமுறையாகவும் வந்தார்கள். தாய், விதவை, இத்தனை பேர் காயம். சீதனத்தைப் பற்றியும் வீட்டைப் பற்றியும் பயத்தைப் பற்றியும் அந்தப் பெண்களே பேசியபோது எங்கள் பக்கங்களில் எவ்வளவு விடுபட்டிருந்தது என்பது தெரிந்தது.

இது ஈழத்துக்கு மட்டும் உரிய விடயமன்று. அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு' 1947, 1948 காலத்துச் செகந்திராபாத்தைப் பற்றியது. நிஜாமின் சமஸ்தானம் சரிந்துகொண்டிருக்கிறது. வரலாற்று நூல்களுக்கு அது ஒரு பெரிய அத்தியாயம். அந்த நாவலில் ஒரு பையன் கிரிக்கெட் விளையாடப் போகிறான். வீட்டு மாட்டைத் தேடிப் போகிறான். வரலாறு அவன் தெருவுக்குள் வந்து நுழையும்வரை அவனுக்கு அது தூரத்துச் சத்தம். மார்ட்டின் விக்கிரமசிங்கவின் 'கம்பெரலிய' நாவலைத் தமிழில் 'கிராமப் பிறழ்வு' என்ற பெயரில் எம். எம். உவைஸ் தந்தார். தென்னிலங்கைக் கிராமம் ஒன்றின் பழைய குடும்பம் நொடிந்து போவதை அதில் வாசித்தபோது, அந்த மக்களைப் பற்றியும் நாங்கள் செய்தியாக மட்டுமே அறிந்திருந்தோம் என்று தோன்றியது.

இதெல்லாம் ஊர் நினைவில் உருகும் வயதுக்கு வந்தவர்களின் வாசிப்பு என்று நண்பர்கள் சிலர் சொல்வதுண்டு. இந்தக் கருத்தை நான் ஏற்கவில்லை. ஊர் நினைவில் உருக விரும்புபவர்களுக்கு இந்நூல்கள் ஏமாற்றத்தையே தரும். 'சடங்கு' அந்த ஊரைக் கேலி செய்கிறது. 'பஞ்சமர்' அதைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது. 'சொல்லாத சேதிகள்' அதன் கதவுகளை உள்ளிருந்து தட்டுகிறது. இழந்துபோன ஊர் சொர்க்கமாக இருந்தது என்ற எண்ணம் செய்திகளையும் மேடைப் பேச்சுகளையும் மட்டும் நம்பியவர்களுக்கே வரும். கதைகளை வாசித்தவர்களுக்கு வராது.

எனது கவலை வேறொன்று. நாங்கள் எழுத்தாளர்களைக் கொண்டாடுவதில் குறை வைப்பதில்லை. பொன்னாடை உண்டு, மணிவிழா மலர் உண்டு, நினைவுப் பேருரை உண்டு. மண்டபத்தில் பேசுபவர்களில் எத்தனை பேர் அந்த எழுத்தாளரின் நூலை அந்த ஆண்டில் ஒரு முறையாவது திறந்திருப்பார்கள் என்பது சந்தேகமே. பெயர் வாழ்கிறது, புத்தகம் வாழவில்லை. மேலே நான் குறிப்பிட்ட நூல்களில் சிலவற்றைப் புத்தகக் கடையில் கேட்டால் கிடைக்காது. 2022 நெருக்கடியில் பத்திரிகைகளே தாள் இல்லாமல் பக்கங்களைக் குறைத்தன. அதன் பின் புத்தக விலை சாதாரண வாசகரின் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது.

1981 ஜூன் முதல் நாளை ஒட்டிய இரவுகளில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அதே நாட்களில் 'ஈழநாடு' பத்திரிகைக் காரியாலயமும் எரிந்தது. புத்தகம் என்றால் யாரோ ஒருவருடைய வீட்டுப் பரணில் இன்னொரு பிரதி எஞ்சியிருக்கும். அன்றாடப் பத்திரிகையை அப்படி யாரும் சேர்த்து வைப்பதில்லை. 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் திட்டம், அவ்வாறு எஞ்சிய பிரதிகளைத் தேடி எண்ணிமமாக்கி இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. லண்டனிலோ ரொறன்ரோவிலோ சிட்னியிலோ இருப்பவர் "புத்தகம் கிடைக்கவில்லை" என்று இனிச் சொல்வதற்கில்லை. திரையில் வாசிப்பது புத்தகத்தைக் கையில் பிடித்து வாசிப்பதற்கு ஈடாகாது என்பவர்களோடு நான் வாதிடப் போவதில்லை. வாசிக்காமல் இருப்பதைவிட அது மேல்.

விழா எடுக்கும் அமைப்புகளுக்கு ஒரு யோசனை. மண்டப வாடகைக்கும் மலருக்கும் செலவாகும் பணத்தில் ஒரு சிறு பகுதியைக் கொண்டு அந்த எழுத்தாளரின் ஐந்து கதைகளை மலிவுப் பதிப்பாக அச்சிட்டு வருபவர்கள் கையில் கொடுங்கள். பேருரைக்குப் பதிலாக ஒரு கதையை உரத்து வாசியுங்கள். நல்லதொரு சிறுகதையை வாசித்து முடிக்க அரை மணி நேரம் போதும். நமது பேருரைகள் எதுவும் அதைவிடக் குறுகியதாக இருந்ததில்லை.

ஓய்வு கிடைக்கும்போது எதை வாசிப்பது என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான். ஒரு மணி நேரம்தான் உண்டு என்றால் 'ஒரு கூடைக் கொழுந்து'. ஒரு வார இறுதி உண்டு என்றால் 'நிலக்கிளி'. யாழ்ப்பாணத்தவராக இருந்தால் 'சடங்கு' நாவலையும் 'பஞ்சமர்' நாவலையும் ஒன்றன்பின் ஒன்றாக வாசியுங்கள். எதை முதலில் எடுத்தீர்கள் என்பதை வைத்து நீங்கள் எந்த அணி என்று நான் கேட்க மாட்டேன்.